ஒரம்பரை வந்தா எங்க உக்கார வெப்பே?

எங்கள் கொங்குப் பக்கம் விருந்தாளிக்கு ‘ஒரம்பரை’ என்று பெயர். சொந்தக்காரர் வந்தாலும் ஒரம்பரைதான். அவர் கூட்டிக்கொண்டு வந்த முன்பின் தெரியாதவரும் ஒரம்பரைதான். வாசலில் நாலு ஜோடி செருப்பு கூடுதலாகக் கிடந்தால், “ஏனுங், ஒரம்பரைங்களா?” என்று விசாரித்துவிட்டுத்தான் தெருவில் போகிறவர் நகர்வார். வீடு கட்டும்போதே திண்ணை எவ்வளவு அகலம், ஆசாரத்தில் எத்தனை பாய் விரிக்கலாம் என்பதுதான் முதல் பேச்சு. ஒரம்பரை வந்து போகாத வீட்டை எங்கள் ஆத்தா வீடு என்றே ஒப்புக்கொண்டதில்லை.

ஹோட்டல் அதற்கு நேர் எதிர். அங்கே நாம்தான் ஒரம்பரை, காசு கொடுத்துத் தங்கும் ஒரம்பரை. அதிலும் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஹோட்டல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அன்னபூர்ணா சாம்பாரும் காபியும்தான். ராத்திரி படுக்க இடம் வேண்டுமென்றால் அதற்குப் பெயர் லாட்ஜ். பெரிய ஹோட்டல்கள் அவிநாசி ரோட்டிலும் ரேஸ்கோர்ஸிலும் வந்த பிறகும், கல்யாண வரவேற்புக்குப் போய் மொய் எழுதிவிட்டுத் திரும்புகிற இடமாகவே அவை எங்களுக்கு இருந்தன. அங்கே குடியிருப்பது என்ற யோசனையே எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை.

அதனால்தான், சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் தம்பி ஒருநாள் போன் செய்து, “அக்கா, ஹோட்டலோட சேர்த்து வீடு கட்டி விக்கறாங்க. அம்மாவ அங்க வெச்சுக்கலாம்னு பாக்கறேன்” என்றபோது எனக்குச் சரியாக விளங்கவில்லை. “ஹோட்டல்ல ரூம் எடுக்கறியா?” என்று கேட்டேன். “இல்லக்கா, சொந்த வீடு. பத்திரம் நம்ம பேர்ல. ஆனா வீட்டு வேலை பூரா ஹோட்டல்காரங்க பாத்துக்குவாங்க” என்றான்.

அவன் அனுப்பிய செய்தியைப் படித்தேன். மும்பையில் 1903-ல் தாஜ்மகால் ஹோட்டலைத் திறந்த, டாடா குழுமத்தின் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம், ஆம்பா குழுமத்தோடு சேர்ந்து சென்னை நெல்சன் மாணிக்கம் சாலையில் ஹோட்டலும் வீடுகளும் சேர்ந்த ஓர் உயரக் கட்டடத்தை 2024-ல் அறிவித்திருந்தது. பெயர் ‘தாஜ் ஸ்கை வியூ ஹோட்டல் அண்ட் ரெசிடென்சஸ்’. தாஜ் என்ற பெயரோடு விற்பனைக்கு வரும் முதல் வீடுகள் இவைதானாம். மூன்றரை ஏக்கர் இடம். ஒரு பக்கம் ஹோட்டல், இன்னொரு பக்கம் 123 வீடுகள். அவற்றில் சின்ன வீடே ஏறக்குறைய 2,500 சதுர அடி. கணபதியில் இருக்கும் என் வீடு 1,100 சதுர அடி. அதில் நாங்கள் நாலு பேரும் என் மாமியாரும் இருக்கிறோம்.

இந்த ஏற்பாட்டின் நடைமுறை எளிமையானதுதான். கட்டுகிறவர் ஒருவர். ஹோட்டல் நிறுவனம் தன் பெயரையும் ஆட்களையும் ஒப்பந்தப்படி கொடுக்கிறது. நாம் விலை கொடுத்து வாங்குவது வீட்டை. மாதாமாதம் கட்டணம் கட்டிப் பெறுவது ஹோட்டலின் கவனிப்பை. படுக்கை விரிப்பு மாற்றுவது, துணி வெளுப்பது, சாப்பாடு மேலே கொண்டு வருவது, குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு போன் போதும்.

இது புதிய யோசனையும் இல்லை. நியூயார்க்கில் 1927-லேயே ஷெர்ரி-நெதர்லாந்து என்ற கட்டடத்தில் ஹோட்டல் அறைகளும் நிரந்தரக் குடித்தனங்களும் சேர்ந்தே இருந்தன. அதே ஊரில் 1931-ல் எழுந்த வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலின் கோபுரப் பகுதியில் அமெரிக்க முன்னாள் அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் பல ஆண்டுகள் குடியிருந்தார். துபாயில் 2010-ல் திறந்த 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவுக்குள் ஆர்மானி பெயரில் ஹோட்டலும் உண்டு, வீடுகளும் உண்டு. பக்கத்தில் கொழும்பிலும் கடலைப் பார்த்தபடி இப்படிக் கோபுரங்கள் வந்துவிட்டன.

இதெல்லாம் பணக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று நான் அந்தச் செய்தியைத் தள்ளிவிட்டிருப்பேன். தள்ள முடியாததற்குக் காரணம் அம்மா.

அப்பா 2021-ல் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து அம்மா அன்னூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். வயது 76. நாலு ஏக்கர் பூமி, இரண்டு மாடு, ஒரு நாய். பக்கத்துத் தோட்டம் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், ஆனால் கூப்பிட வேண்டுமே! ஒரு நாள் விடியக்காலம் நாலு மணிக்குக் கட்டுத்தறிப் பக்கம் போனவர் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியாமல் சாணித் தரையிலேயே கிடந்திருக்கிறார். ஆறரை மணிக்குப் பால் எடுக்க வந்த சொசைட்டிப் பையன்தான் பார்த்துத் தூக்கியிருக்கிறான். “ரெண்டு மணி நேரம் நாயிதான் கண்ணு கூடப் படுத்திருந்துச்சு” என்று ஆஸ்பத்திரியில் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். தம்பி வராந்தாவுக்குப் போய் அழுதான். ஹோட்டல் வீட்டு யோசனை அவனுக்கு அங்கேதான் பிறந்தது.

அந்த வீட்டின் விலைக்கு அவன் சம்பளம் காணாது. கடன் போட்டாலும் காணாது. நாலு ஏக்கரையும் விற்றால் ஒருவேளை முடியும். இதைச் சொல்லத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சென்னையிலிருந்து வந்தான். நானும் போனேன். மதியம் அரிசிம்பருப்பு சாதம். கையில் கட்டோடு அம்மாவே ஆக்கியிருந்தார். நான் செய்கிறேன் என்றதற்கு, “நீ ஒரம்பரையா வந்திருக்கற, போயி உக்காரு” என்றுவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் தம்பி கைப்பேசியில் படங்களைக் காட்டினான். நீச்சல்குளம், பளிங்குத் தரை, மேலிருந்து தெரியும் ஊர். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“பூமி எத்தன சென்ட்டு சாமி?”

தம்பி விழித்தான். “மொத்தம் மூன்றரை ஏக்கர்ம்மா.”

“அது மொத்தம். நம்முளுக்கு எத்தன சென்ட்டு?”

அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆனால் அடுக்குமாடி வாங்கும் எல்லாரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பத்திரத்தில் அதைப் ‘பிரிபடாத பாகம்’ என்று எழுதுவார்கள், பேச்சில் யூ.டி.எஸ். என்பார்கள். கட்டடத்தின் வயது ஏற ஏற அதன் மதிப்பு குறையும். நிலைத்து நிற்பது இந்தப் பாகம்தான். தம்பி கணக்குப் போட்டான். மூன்றரை ஏக்கர் என்றால் 350 சென்ட். ஹோட்டலை மறந்துவிட்டு 123 வீட்டுக்கு வகுத்தாலே வீட்டுக்குச் சராசரியாக மூன்று சென்ட்டுக்குக் கீழே வருகிறது. ஹோட்டலுக்குப் போக இன்னும் குறையும்.

“நானூறு சென்ட்டக் குடுத்துப்போட்டு மூணு சென்ட்டு” என்று அம்மா விரலை மடக்கினார். “அதையும் இங்கதான் இருக்குதுன்னு காட்ட முடியாது.”

“அம்மா, அது சென்னைல நடு ஊரு. அங்க இருக்கற மூணு சென்ட்டும் இங்க இருக்கறதும் ஒண்ணா?” என்றான் தம்பி. அவன் சொன்னதும் நியாயம்தான். நடு ஊரில் இடம் விலை ஏறும்போது கட்டடம் மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் 1959-ல் எழுந்த பதினாலு மாடி எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்க்கவே அந்தக் காலத்தில் ஊரிலிருந்து ஆட்கள் போனார்கள். இன்றைக்கு எங்கள் கோவையிலேயே அதைவிட உயரமான குடியிருப்புகள் வந்துவிட்டன. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரக் கட்டடம் என்று கணக்கு. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் அவிநாசி ரோட்டில் உயரமாகக் கட்ட விமான நிலைய ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். அப்படியும் கட்டடங்கள் உயர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு, அதன் மேலே போகும்போது ஊரே வேறு மாதிரி தெரிகிறது. மில் கூரைகளும் பழைய ஓட்டு வீடுகளும் கீழே போய்விட்டன. கண்ணுக்கு நேராக வருவது மாடிகள்தான்.

அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார். “பூமிய விக்கறதுன்னா, உங்கப்பன் தண்ணிக்கு அலைஞ்சதெல்லாம் என்ன கணக்கு?”

இதற்குத் தம்பியும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்னூர்ப் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் தோட்டத்தில் ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் அறுபது வருடக் கோரிக்கை. அப்பா இளந்தாரியாக இருந்தபோது ஆரம்பித்த பேச்சு. மனு, ஊர்வலம், உண்ணாவிரதம் என்று ஒவ்வொன்றுக்கும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடும் அந்தத் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்டது. அப்பா அப்போது இல்லை. எங்கள் ஊர்க் குட்டைக்குத் தண்ணீர் வந்த அன்று அம்மா ஒரு சொம்பில் எடுத்து வந்து அப்பா படத்துக்கு முன்னால் வைத்தார். தண்ணீருக்காக ஆயிரம் அடி கீழே போன பூமி அது. தண்ணீர் கிடைத்த பிறகு அதை விற்று மேலே ஒரு வீடு வாங்கச் சொன்னால், அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “சரி, பூமிய வெச்சுக்க. மறுபடியும் ராத்திரில விழுந்தா பூமி வந்து தூக்குமா?”

அதுவும் உண்மைதான். இந்த மாதிரிப் பேச்சுகளில் மகன் பேராசைக்காரன், அம்மா தெய்வம் என்று எழுதிவிடுவது சுலபம். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா போனை எடுக்கவில்லை என்றால் அவன் எனக்குப் போடுவான், நான் பக்கத்துத் தோட்டத்துக்குப் போடுவேன், அவர்கள் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். இப்படி எத்தனை நாள்? ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பார்கள். ஆனால் 76 வயதில் மருந்து தினமும் வேண்டும். யாராவது பக்கத்தில் இருப்பதும் தினமும் வேண்டும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலையை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, “அந்த ஊட்டுக்கு ஒரம்பரை வந்தா எங்க உக்கார வெப்பே?” என்றார்.

“கீழ லாபில உக்காருவாங்க. செக்யூரிட்டி நமக்குப் போன் பண்ணுவான். நாம சரின்னா மேல அனுப்புவான்.”

“நம்ம ஊட்டுக்கு வர்றதுக்கு அவன்கிட்டக் கேட்டுட்டு வரோணுமா?”

“பாதுகாப்பும்மா.”

“நாலு நாளு தங்கறதுன்னா?”

“ஹோட்டல்லயே ரூம் போட்டுக் குடுத்துடலாம்” என்று தம்பி சொன்னான். சொன்னபோதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தார். அன்னூரிலிருந்து வரும் பெரியம்மாவை, ராத்திரிக்கு இத்தனை ஆயிரம் என்று வாடகை கட்டி ஹோட்டலில் படுக்க வைப்பதை மூன்று பேரும் நினைத்துப் பார்த்துவிட்டோம்.

நான் அப்போது அந்த நியூயார்க் கதையைச் சொன்னேன். அமெரிக்காவுக்கே அதிபராக இருந்தவர் ஹோட்டலில்தான் குடியிருந்தார், 1964-ல் அங்கேயே காலமானார் என்றேன். சூழ்நிலையை லேசாக்கத்தான் சொன்னேன். அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

“அவர எந்த வழியா எறக்குனாங்க அம்மணி?”

அவர் கேட்டதன் அர்த்தம் புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. பெரிய ஹோட்டலில் அழுக்குத் துணி போக ஒரு வழி, சாமான் வர ஒரு வழி, விருந்தினர் வர ஒரு வழி. விருந்தினர் வரும் வழியில் சாவு வரக் கூடாது. அம்மா தன்னைப் பற்றித்தான் கேட்டார். ஆசாரத்தில் வடக்கு தெற்காகக் கிடத்தி, ஊரே வந்து உட்கார்ந்து, வாசல் வழியாக எடுத்துப் போன அப்பாவைப் பார்த்தவர் அவர். பதினைந்தாவது மாடியில் தனக்கு என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. தம்பி கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டான். அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு பல நாள் நான் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஹோட்டலோடு சேர்ந்த வீடு என்று அவர்கள் விற்பது உண்மையில் என்ன? பளிங்கையும் நீச்சல்குளத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான். வீட்டு வேலையை இனி நீங்கள் செய்ய வேண்டாம் என்கிறார்கள். காலையில் யாரோ காபி கொண்டு வருவார்கள். யாரோ துணியை மடித்து வைப்பார்கள். விருந்து வந்தால் யாரோ சமைப்பார்கள்.

எங்கள் ஆத்தாவும் அம்மாவும் இந்த வேலையை அறுபது வருடம் சம்பளமில்லாமல் செய்தவர்கள். எங்கள் வீட்டு விருந்தோம்பலை ஊரே பாராட்டும். பந்தியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் ஒரு கரண்டி போடு” என்று உபசரிப்பார். போடுவது அம்மா. ஒரம்பரை கை கழுவி, வெற்றிலை போட்டு, திண்ணையில் சாய்ந்த பிறகு, அடுப்படியில் ஆறிப்போன சோற்றில் ரசத்தை ஊற்றித் தின்பதும் அம்மா. ஒப்புட்டு சுடும் நாளில் அம்மா ஒப்புட்டு தின்று நான் பார்த்ததில்லை. வாசம் பிடித்தே வயிறு நிறைந்துவிடும் என்பார்.

ஆகவே, வேலையை வேறொருவர் செய்யட்டும் என்ற அந்த யோசனையில் குறை ஒன்றும் இல்லை. எட்டாதது விலைதான். விற்க மனமில்லாதது பூமி. இவை இரண்டையும் ஒதுக்கிவிட்டு அந்தக் கவனிப்பு மட்டும் கிடைக்குமா?

கிடைக்கும். அதுவும் எங்கள் ஊரிலேயே கிடைக்கிறது. இந்தியாவில் முதியோருக்கான தனிக் குடியிருப்புகள் நிறைய வந்த ஊர்களில் கோவையும் ஒன்று. மேற்கே மலையடிவாரத்தை ஒட்டி, வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் போனால் பார்க்கலாம். அளவான வெயில், சிறுவாணித் தண்ணீர், அரை மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பிள்ளைகள் பெற்றோரை இங்கே வைக்கிறார்கள். ஒரு படுக்கையறை வீடு, சொந்தமாகவோ வாடகைக்கோ. பொதுச் சமையல் கூடம், ராத்திரியும் ஒரு நர்ஸ், கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்பு மணி. யோசித்துப் பார்த்தால் இதுவும் ஹோட்டலும் வீடும் சேர்ந்ததுதான். லாபியும் பளிங்கும் இல்லை, மாடி இரண்டைத் தாண்டாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பிதான் ஒரு மாத வாடகை கட்டினான். “புடிக்கலன்னா வந்துரு. மாட்டப் பங்காளி ஊட்ல கட்டி வெக்கலாம்” என்றான். அம்மா ஒரு துணிப் பையும் அப்பா படமும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாயை மட்டும் கூட்டிப் போக முடியவில்லை.

முதல் வாரம் குறைகளாகத்தான் வந்தன. சாம்பாரில் காரம் இல்லை. சந்தகை கேட்டால் இடியாப்பம் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா இங்கிலீஷில் குட்மார்னிங் சொல்கிறார். மாட்டுச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. நான் எல்லாவற்றுக்கும் “உம்” கொட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் சொந்தக்காரர்கள் பார்க்கப் போனார்கள். நாலு பேர். ‘முதியோர் இல்லத்துல கொண்டுபோயி விட்டுட்டாங்க’ என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரத்தான் போனார்கள் என்பது என் சந்தேகம். அன்று சாயந்திரம் அம்மா போன் செய்தார். குரலில் ஒரு துள்ளல்.

“இங்க ஒரம்பரைக்கு டோக்கன் வாங்கோணும் அம்மணி. நாலு டோக்கன் வாங்குனேன். எல்லாரும் மேசையில உக்காந்தோம். நானும் உக்காந்தேன். ஒரு பொண்ணு வந்து பரிமாறுச்சு. எங்கக்கா எலய நானு பாக்க, எம்பட எலய அவ பாக்க, பேசிப் பேசிச் சாப்புட்டோம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “ஒரம்பரைகூடச் சமமா உக்காந்து சுடுசோறு தின்னது இன்னைக்குத்தான்.”

கல்யாணமாகி 56 வருடம். அந்தக் கணக்கை அவர் சொல்லவில்லை, நான்தான் போட்டேன்.

ஒரு மாதம் இரண்டானது. இரண்டாவது மாதம் ஒரு விடிகாலையில் மூன்றாவது வீட்டுப் பெரியவர் காலமானார். ஓய்வுபெற்ற ஆசிரியராம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வர ஒரு நாள் ஆகும். நான் பயந்தேன். அம்மா இதைப் பார்த்தால் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அவர் பொதுக்கூடத்தில், குளிர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் மற்ற பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். குட்மார்னிங் சொல்லும் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சமையல்காரர்கள், தோட்டக்காரர், நர்ஸ்கள் எல்லாரும் வந்து மாலை போட்டார்கள். மறுநாள் எடுத்த பிறகு எனக்குப் போன் செய்து சொன்னது ஒரே ஒரு வரிதான்.

“முன்வாசல் வழியாத்தான் கொண்டு போனாங்க கண்ணு.”

இந்தச் செய்தியைத் தம்பிக்குச் சொன்னபோது அவன் ரொம்ப நேரம் பேசவில்லை.

அம்மா இப்போது அங்கேதான் இருக்கிறார். பூமியைப் பங்காளிக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. குத்தகைப் பணம் மாத வாடகைக்கு முழுதாகக் காணாது. மீதியை நானும் தம்பியும் போடுகிறோம். மாதம் ஒருமுறை அம்மாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறேன். குட்டையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார், நாயிடம் பேசுவார், மாட்டைத் தடவிக் கொடுப்பார். சாயந்திரம் அவராகவே, “போலாமா, ஏழு மணிக்கு டிபன்” என்பார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் அந்த மலையடிவார வீட்டுத் திண்ணையில் கிழக்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிழக்கேதான் எங்கள் ஊர்.

தம்பிக்கு அந்தக் கோபுர வீட்டின் மேல் ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. தனக்கு அறுபது வயதாகும்போது பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். இப்போது எந்த விற்பனை அலுவலகத்துக்குப் போனாலும் அம்மாவின் கேள்விகளைத்தான் கேட்கிறானாம். பிரிபடாத பாகம் எத்தனை சென்ட்? வீட்டுத் திட்டம் ரெரா ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா? ஹோட்டல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் எத்தனை வருடம்? அது முடிந்து அவர்கள் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனால் வீட்டின் விலை என்ன ஆகும்? பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு ஏறும்? சதுர அடிக்கு 20 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும் 2,500 சதுர அடிக்கு மாதம் 50,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. ஓய்வு பெற்ற பிறகும் அதைக் கட்ட வேண்டும். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் நாள் வந்தால், 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே போதும். அப்போது நாம் சம்மதிக்காத ஒருவராக இருந்தால் என்ன செய்வது?

இவற்றுக்கெல்லாம் காகிதத்தில் பதில் கிடைத்துவிடுகிறதாம். கடைசி இரண்டு கேள்விகளுக்குத்தான் எதிரில் இருப்பவர் பேனாவை வைத்துவிடுகிறாராம். ஸ்ட்ரெச்சர் படுத்தவாக்கில் போகிற லிஃப்ட் இருக்கிறதா, அது எந்த வாசலில் போய்த் திறக்கும்? சொந்தக்காரர்கள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்தால் எங்கே உட்காருவார்கள்?

கோவையிலும் ஒருநாள் இப்படிக் கோபுரங்கள் வரும். மேம்பாலத்தில் போகிறபோது, பழைய மில் இடங்களைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. வரட்டும். வசதி இருப்பவர்கள் வாங்கட்டும், அதில் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. வாங்குவதற்கு முன்னால் வீட்டில் வயதான ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பளிங்கைப் பார்த்துவிட்டு அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்.

பொங்கலுக்குத் தம்பி குடும்பத்தோடு வருகிறான். அங்கே விருந்தினர் அறை இரண்டு உண்டு, நாள் வாடகைக்கு. அதில் ஒன்றை அம்மா இப்போதே எழுதி வைத்துவிட்டார். நாலு பேருக்கு மூன்று நாள் சாப்பாட்டு டோக்கனும் வாங்கியாயிற்று. “அவன் காசு குடுத்தா வாங்காத. இந்தத் தடவ ஒரம்பரையா வரச் சொல்லு” என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.